நிலவிலிருந்து நேரடி ஒளிபரப்பு: 1969 ஜூலை 20 மாலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலவில் கால் வைத்த முதல் மனிதர் நீல் ஆம்ஸ்ட்ராங் ஏணியில் இறங்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எங்காவது ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இரண்டு கேள்விகள்: ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது? யார் அங்கே நின்று படம் பிடித்தார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லப் புகுந்தால், அன்று மாலை தொலைக்காட்சி எப்படி நடந்தது என்கிற முழுக் கதையையும் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடுகிறேன்.

மாலை என்கிறீர்கள், இரவு என்கிறார்கள், இந்தியப் பத்திரிகைகள் ஜூலை 21 என்கின்றன. எது சரி?

எல்லாமே சரி. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி ஞாயிற்றுக்கிழமை மாலை 4:17க்கு அப்பல்லோ 11 பயணத்தின் இறங்கு கலமான ஈகிள் நிலவின் தரை தொட்டது. இரவு 10:56க்கு ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தார். அப்போது லண்டனில் திங்கள் அதிகாலை 3:56, இந்தியாவில் காலை 8:26, டோக்கியோவில் நண்பகலுக்கு நான்கு நிமிடம் குறைவு, சிட்னியில் பிற்பகல் 12:56.

அமெரிக்க வீடுகளில் எல்லோரும் விழித்திருந்த நேரத்தில் அது நடந்ததற்கு யாருடைய திட்டமும் காரணமில்லை. இறங்கியதும் இருவரும் சில மணி நேரம் தூங்க வேண்டும், நள்ளிரவுக்குப் பிறகு வெளியே வர வேண்டும் என்றுதான் நேர அட்டவணையில் இருந்தது. இப்போதே வெளியே போகிறோம் என்று ஆம்ஸ்ட்ராங்கும் உடன் இறங்கிய பஸ் ஆல்ட்ரினும் கேட்டார்கள், ஹூஸ்டனில் இருந்த நாசா கட்டுப்பாட்டு அறை சம்மதித்தது. நிலவில் இறங்கிய கையோடு படுத்துத் தூங்கு என்று அட்டவணை போட்டவரை நினைத்தால்தான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

கலம் தரை இறங்கியதை மக்கள் நேரடியாகப் பார்த்தார்களா?

பார்க்கவில்லை, கேட்டார்கள். இறங்கும்போது கலத்திலிருந்து தொலைக்காட்சிப் படம் வரவில்லை. ஆல்ட்ரின் உயரத்தையும் வேகத்தையும் எண்களாகப் படித்துக்கொண்டே வர, அந்தக் குரல்தான் உலகத்துக்குக் கிடைத்தது. இன்று நாம் பார்க்கும் இறங்கும் காட்சி, கலத்தின் ஜன்னலில் பொருத்திய சிறிய சினிமா கேமராவில் பதிவாகி, பூமிக்கு வந்த பிறகு கழுவிப் பார்த்த படச்சுருள்.

குரலை மட்டும் வைத்துக்கொண்டு திரையை எப்படி நிரப்புவது? அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் மாதிரிக் கலங்களையும் வரைகலைப் படங்களையும் தயாராக வைத்திருந்தன. சி.பி.எஸ். நிறுவனத்தின் இயங்குபடம் நாசாவின் கால அட்டவணையை நம்பி ஓடியது. உண்மையிலோ, இறங்க வேண்டிய இடத்தில் பாறைகள் கிடந்ததால் ஆம்ஸ்ட்ராங் கலத்தை அவற்றுக்கு அப்பால் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆக, திரையில் கலம் இறங்கி நின்றுவிட்டது, நிலவில் இன்னும் பறந்துகொண்டிருந்தது. நிஜமாக இறங்கியபோது சி.பி.எஸ். செய்தி வாசிப்பாளர் வால்டர் கிராங்கைட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல் வராமல் தடுமாறினார். வாய்ச்சொல்லையே தொழிலாகக் கொண்ட அவருக்கு அந்த நிமிடம் வெறும் பெருமூச்சுதான் வந்தது.

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாலி ஷிராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1968 அக்டோபரில் அப்பல்லோ 7 கலத்தின் தலைவராக இருந்தவர். கடுமையான சளி, வேலைச் சுமை, சரிபார்க்காத கருவி என்று காரணம் சொல்லி, முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பை நடத்த மாட்டேன் என்று விண்வெளியிலிருந்தே தரையோடு சண்டை போட்டவர். பிறகு நடத்திய ஒளிபரப்புகளுக்காக அவர் குழுவுக்குத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதே கிடைத்தது. ஒன்பதே மாதத்தில் மனிதர் தொலைக்காட்சி நிலையத்தில் வர்ணனையாளராக உட்கார்ந்துவிட்டார்.

4:17க்கு இறங்கி 10:56க்குத்தான் வெளியே வந்தார்கள் என்றால், நடுவில் ஆறு மணி நேரம் என்ன காட்டினார்கள்?

பேச்சு, பேச்சு, மேலும் பேச்சு. சி.பி.எஸ். அறிவியல் புனைகதை எழுத்தாளர்களான ஆர்தர் சி. கிளார்க்கையும் ராபர்ட் ஹைன்லைனையும் அழைத்து உட்கார வைத்தது. இன்னொரு நிறுவனமான ஏ.பி.சி., ஜாஸ் மேதை டியூக் எலிங்டனிடம் நிலவுக்கென்று ஒரு புதிய பாட்டே கேட்டு வாங்கியிருந்தது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பெரிய திரைகள் கட்டியிருந்தார்கள், கூட்டம் புல்வெளியில் காத்திருந்தது. அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் பி.பி.சி. இரவு முழுக்கக் கண் விழித்தது. பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் ஸ்டுடியோவில் நேரடியாக வாசித்தார்கள். அந்த பி.பி.சி. ஒளிபரப்பின் பெரும்பகுதி இன்று இல்லை. அந்தக் காலத்தில் பதிவு நாடா விலை அதிகம், நிகழ்ச்சியின் மதிப்பு குறைவு, அதனால் அழித்துவிட்டு வேறொன்றைப் பதிவு செய்துவிடுவார்கள். நாசாவும் இதே தப்பைச் செய்தது, கீழே வருகிறது.

ஆம்ஸ்ட்ராங்தான் முதல் ஆள் என்றால், அவர் இறங்குவதை யார் படம் பிடித்தது?

யாரும் பிடிக்கவில்லை. ஈகிளின் கீழ்ப்பகுதியில், ஏணிக்குப் பக்கவாட்டில், கருவிகள் வைக்கும் மடிப்புப் பலகை ஒன்று இருந்தது. பழைய வீடுகளில் சுவரோடு மடித்து வைத்து, தேவைப்படும்போது கீழே இறக்கும் மேசைப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா அந்தப் பலகையில் ஏற்கெனவே பொருத்தப்பட்டு, ஏணியைப் பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்தது. கதவைத் தாண்டி வாசல் மேடைக்கு வந்த ஆம்ஸ்ட்ராங் ஒரு பிடியை இழுத்தார், பலகை கீழே விழுந்து திறந்தது. உள்ளே இருந்த ஆல்ட்ரின் மின்சுற்று விசையை அழுத்தினார். படம் வந்தது. அவ்வளவுதான் ரகசியம்.

வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் செய்த அந்தக் கேமராவின் எடை மூன்றேகால் கிலோ. அது எடுத்துக்கொண்ட மின்சாரம் சுமார் 6.5 வாட், இன்றைக்கு நம் வராந்தாவில் எரியும் எல்.இ.டி. பல்பு அளவு. அந்தக் காலத்து ஸ்டுடியோ கேமராவை நகர்த்த ஆள் வேண்டும், சக்கரம் வேண்டும். அதை மனதில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

சற்று நேரம் கழித்து ஆம்ஸ்ட்ராங் கேமராவைக் கழற்றி, ஏறத்தாழ 18 மீட்டர் தள்ளி ஒரு முக்காலியில் நிறுத்தினார். கொடி நடுவது, ஆல்ட்ரின் கங்காருவைப் போலத் துள்ளி நடந்து பார்ப்பது, 11:48க்கு வந்த குடியரசுத் தலைவர் நிக்சனின் தொலைபேசி அழைப்பு எல்லாம் அந்த இடத்திலிருந்து எடுத்தவை. கேமராவின் வடம் தரையில் படியாமல் சுருண்டு நின்று, ஆம்ஸ்ட்ராங்கின் காலில் சிக்கவும் செய்தது. மின்விசிறி வயர் தடுக்காத வீடு உண்டா என்ன.

முதலில் படம் தலைகீழாக வந்தது என்கிறார்களே?

ஆமாம். கேமராவின் மேற்பகுதி தட்டை, கைப்பிடி அடிப்பகுதியில். பலகையில் கெட்டியாக உட்கார வேண்டும் என்பதற்காக அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இது எல்லோருக்கும் முன்பே தெரியும். நிலவிலிருந்து வரும் அலையைப் பிடிக்கும் தரை நிலையங்களில் படத்தை நிமிர்த்துவதற்கென்று ஒரு சுவிட்சே இருந்தது. முதல் சில வினாடிகளில் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் அந்த சுவிட்ச் தட்டப்படவில்லை. படம் தலைகீழாக இருக்கிறது, ஆனாலும் விவரம் தெரிகிறது என்று ஹூஸ்டனிலிருந்து நிலவுக்கே சொன்னார்கள். பிறகு யாரோ தட்டினார்கள், உலகம் நிமிர்ந்தது.

சரி, படம் ஏன் அத்தனை மங்கல்?

கேமராவைக் குறை சொல்லாதீர்கள். அது அனுப்பிய படம் நீங்கள் பார்த்ததைவிட நன்றாக இருந்தது.

அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வினாடிக்கு 30 படங்கள், ஒவ்வொரு படத்திலும் 525 கோடுகள் வேண்டும். அதை அனுப்ப 4 மெகாஹெர்ட்ஸுக்கும் மேல் அலைக்கற்றை தேவை. ஈகிளிலிருந்து பூமிக்கு ஒரே ரேடியோ இணைப்புதான். இருவரின் குரல், இதயத் துடிப்பு, கலத்தின் அளவீடுகள் எல்லாம் அதில் ஏறி வர வேண்டும். அவற்றோடு படத்துக்குக் கிடைத்த இடம் அரை மெகாஹெர்ட்ஸ். அதற்குள் அடங்கும்படி வினாடிக்கு 10 படங்கள், 320 கோடுகள் என்று சுருக்கினார்கள். தொலைக்காட்சி அந்தக் கலத்தில் டிக்கெட் எடுத்து ஏறிய பயணி இல்லை, கடைசி நேரத்தில் ஓரமாக நிற்க இடம் கேட்டு ஏறியவர். கேமராவே வேண்டாம், வீண் எடை என்று வாதாடிய பொறியாளர்கள் நாசாவுக்குள்ளேயே இருந்தார்கள்.

வந்து சேர்ந்த அந்த 10 படம், 320 கோடு அலையை வீட்டுப் பெட்டிகளால் காட்ட முடியாது. அதனால் தரை நிலையத்தில் ஒரு மாற்றுக் கருவி வைத்தார்கள். இன்று கேட்டால் சிரிப்பு வரும். நிலவுப் படத்தைச் சிறு திரை ஒன்றில் ஓட விட்டு, அந்தத் திரையை நோக்கி ஒரு சாதாரணத் தொலைக்காட்சிக் கேமராவைத் திருப்பி வைத்தார்கள்! ஒவ்வொரு படத்தையும் காந்தத் தட்டில் பதிந்து, மறுபடி மறுபடி காட்டி, வினாடிக்கு 30 என்று கணக்கைச் சரிக்கட்டினார்கள். அந்தத் திரையின் பளபளப்பு, மாறுபாட்டு அளவு, படத்தில் பொரிப்பொரியாக ஏறும் புள்ளிகள் எல்லாம் படத்தோடு சேர்ந்துகொண்டன. கோல்ட்ஸ்டோனில் அளவுகளை முறுக்கிய விதத்தில் வெள்ளை அப்பட்டமான வெள்ளை, கறுப்பு மையிருட்டு ஆகிவிட்டது. தரை நிலையங்களிலிருந்து மைக்ரோவேவ் கோபுரங்கள், செயற்கைக்கோள், தொலைபேசிக் கம்பெனியின் தடங்கள், ஹூஸ்டன், பிறகு ஒளிபரப்பு நிறுவனங்கள், கடைசியாக உங்கள் மாமா வீட்டுக் கூரையில் காற்றில் ஆடும் ஆன்டெனா. வகுப்பில் முதல் வரிசைப் பையன் கரும்பலகையைப் பார்த்து எழுத, அவனைப் பார்த்து இரண்டாம் வரிசை எழுத, கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்த குறிப்பு எப்படி இருக்குமோ அப்படித்தான் அந்தப் படம்.

முதல் வரிசையில் இருந்தவர்கள் தரை நிலையத் தொழில்நுட்பப் பணியாளர்கள் மட்டுமே. மாற்றுவதற்கு முந்திய தெளிவான படத்தைப் பார்த்த மனிதர்கள் பூமியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக் நிலையத்தில் ஒருவர் வீட்டு உபயோகத்துக்கான 8 மில்லிமீட்டர் கேமராவால் அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்தார். வேடிக்கைக்காகச் செய்ததுதான். பின்னாளில் ஆய்வாளர்கள் அதைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஆள் ஊடே பின்னால் இருப்பது தெரிகிறது. பேய் மாதிரி இருக்கிறதே, இது போலி என்பதற்கு அடையாளம் இல்லையா?

இல்லை. கேமராவுக்குள் காட்சியை வாங்கும் குழாயில் ஒரே காட்சி வெகுநேரம் விழுந்தால் அதன் சுவடு தங்கிவிடும். பளிச்சென்ற தரையின் சுவடு தங்கியிருக்கும்போது அதன் குறுக்கே ஒருவர் நடந்தால், அவர் உடம்பு வழியாகத் தரை தெரிவது போல இருக்கும். போலியாகப் படம் எடுக்கிறவன் இதைவிட நல்ல படமாக எடுத்திருப்பான் என்பது என் சொந்தக் கட்சி.

நிலவிலிருந்து வந்த படத்தைப் பெற்றது அமெரிக்காவா, ஆஸ்திரேலியாவா?

இரண்டும். கோல்ட்ஸ்டோனின் 64 மீட்டர் கிண்ண வடிவ ஆன்டெனா, கான்பெராவுக்கு அருகில் ஹனிசக்கிள் கிரீக்கின் 26 மீட்டர் கிண்ணம், நியூ சவுத் வேல்ஸின் பார்க்ஸ் ஊரில் 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி, ஆக மூன்று இடங்களில் படம் விழுந்தது. ஹூஸ்டன் முதலில் கோல்ட்ஸ்டோனை எடுத்தது. கால் வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு ஹனிசக்கிள் கிரீக்குக்கு மாறியது. ஆகவே நீங்கள் பார்க்கும் அந்த முதல் அடி, மூன்றில் மிகச் சிறிய கிண்ணத்தில் விழுந்த படம். ஒன்பது நிமிடத்துக்குள் பார்க்ஸ் சேர்ந்துகொண்டது, அதன் படம் நன்றாக இருந்ததால் கடைசிவரை அதிலேயே இருந்துவிட்டார்கள். மொத்தம் இரண்டரை மணி நேரம்.

பார்க்ஸில் அன்று சூறைக்காற்று. நிலவு அப்போதுதான் எழுந்துகொண்டிருந்ததால், கிண்ணத்தை முடிந்த மட்டும் சாய்த்து வைத்துக் காத்திருந்தார்கள். அந்த நிலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் காற்று இரண்டு முறை அறைந்தது. சாய்ந்த கிண்ணம் காற்றுக்குப் பாய்மரம் போல, கட்டுப்பாட்டு அறை நடுங்கியது. பாதுகாப்பு விதிப்படி கிண்ணத்தை வானம் பார்க்க நிமிர்த்திவிட்டு வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

எத்தனை பேர் பார்த்தார்கள்?

ஏறத்தாழ 60 கோடிப் பேர் என்று பொதுவாகச் சொல்வார்கள். மதிப்பீடுதான், தலை எண்ணியவர் யாருமில்லை. பார்க்க முடியாமல் போன ஒருவரை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்: மைக்கேல் காலின்ஸ். பயணத்தின் மூன்றாவது வீரர் அவர், நண்பர்கள் இருவரும் கீழே நடந்துகொண்டிருக்க, கொலம்பியா என்ற தாய்க்கலத்தில் தனியாக நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் இதைப் பார்க்க வழியில்லாத ஒரே ஆள் அனேகமாக நீங்கள்தான் என்று ஹூஸ்டன் அவரிடம் சொன்னது. படம் எப்படி வருகிறது என்று அவர் ஆசையாகக் கேட்டார், அழகாக வருகிறது என்றார்கள்.

அந்தப் புகழ்பெற்ற முதல் வாக்கியத்தைக் கேட்டு எல்லோரும் மெய்சிலிர்த்தார்களாமே?

முதலில் காதில் விழுந்தால்தானே. மனிதனுக்குச் சிறு அடி என்ற முதல் பாதி கிராங்கைட்டுக்குக் கேட்டது, இரண்டாம் பாதி இரைச்சலில் போய்விட்டது. யாருக்காவது கேட்டிருந்தால் சொல்லுங்கள் என்று அவர் ஒளிபரப்பிலேயே கேட்டுவிட்டார்.

சோவியத் நாட்டில்?

நேரடி ஒளிபரப்பு இல்லை. போட்டியில் தோற்ற வீட்டில் எதிராளியின் கல்யாண ஊர்வலத்தையா காட்டுவார்கள். செய்தியில் சுருக்கமாகச் சொன்னார்கள். அதேசமயம் போலந்து தொலைக்காட்சி நேரடியாகவே காட்டியது. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இன்னும் நிலவில் இருந்தபோதே, ஆளில்லாத சோவியத் கலமான லூனா 15 மண் அள்ளிவர இறங்க முயன்று நெருக்கடிக் கடல் என்ற சமவெளியில் மோதி நொறுங்கியது.

தமிழ்நாட்டில் அன்று யாராவது பார்த்திருக்க முடியுமா?

முடியாது. 1969இல் இந்தியாவில் தொலைக்காட்சி இருந்த ஒரே ஊர் டெல்லி. அங்கேயும் நேரடிப் படம் வர வழியில்லை, ஏனென்றால் புனே அருகே ஆர்வியில் செயற்கைக்கோள் தரை நிலையம் திறந்தது 1971இல்தான். சென்னையில் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்ட் 15. இலங்கைக்கு 1979. நம் பெரியவர்கள் "நிலாவில் நடந்ததைப் பார்த்தேன்" என்று சொன்னால், பிறகு சினிமாக் கொட்டகையில் செய்திப்படமாகப் பார்த்ததைச் சொல்கிறார்கள். திங்கள் காலை அவர்களுக்குக் கிடைத்தது வானொலி. ஒருவகையில் கொடுத்து வைத்தவர்கள்தான், குரல் மங்கலாக இல்லை.

வண்ணத்தில் எடுத்திருக்கக் கூடாதா?

கலத்துக்குள் எடுத்தார்கள். 1969 மே மாதமே அப்பல்லோ 10 வண்ணப் படம் அனுப்பியது. ஆனால் நிலவுத் தரையில் வண்ணம் வந்தது நவம்பரில், அப்பல்லோ 12இல். வந்த வேகத்தில் போய்விட்டது. ஆலன் பீன் கேமராவை இடம் மாற்றும்போது அது சூரியனை நேராகப் பார்த்துவிட, உள்ளே இருந்த குழாய் கருகியது. மீதி நடையைத் தொலைக்காட்சியில் யாரும் பார்க்கவில்லை. என்.பி.சி. தொலைக்காட்சி பொம்மலாட்டப் பொம்மைகளை வைத்துச் சமாளித்தது.

அடுத்தது அப்பல்லோ 13. 1970 ஏப்ரல் 13 இரவு மூவரும் கலத்தைச் சுற்றிக் காட்டி ஒரு ஒளிபரப்பு நடத்தினார்கள். பெரிய நிறுவனங்கள் ஒன்றுகூட அதை எடுக்கவில்லை, வழக்கமான நிகழ்ச்சிகளையே ஓட்டின. ஒளிபரப்பு முடிந்த சில நிமிடங்களில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. அதற்கு மேல் எல்லாத் திரைகளும் அவர்களுக்குத்தான். ஒன்பது மாதத்துக்குள் நிலவுப் பயணம் மக்களுக்குச் சலித்துவிட்டது என்பது இப்போதும் எனக்கு ஜீரணமாகவில்லை.

தெளிவான மூலப் படம் நாடாவில் இருக்குமே, அதை இப்போது காட்டக் கூடாதா?

இருந்தது. மாற்றுவதற்கு முந்திய அலை, பிற அளவீடுகளோடு சேர்த்து ஓர் அங்குல அகல நாடாக்களில் பதிவானது. நேரடி ஒளிபரப்பு போய்ச் சேர்ந்துவிட்டதால் அந்த நாடாக்களை யாரும் பொருட்படுத்தவில்லை, கிடங்கில் கிடந்தன. பிறகு நாடாத் தட்டுப்பாடு வந்தது. நாசா பழைய நாடாக்களை மூட்டை மூட்டையாக எடுத்து, அழித்து, செயற்கைக்கோள் தகவல்களைப் பதிவு செய்தது. இவையும் அந்தக் கூட்டத்தில் போயிருக்க வேண்டும் என்று பல ஆண்டுத் தேடலுக்குப் பிறகு 2009இல் நாசாவே அறிவித்தது. மனித வரலாற்றில் ஒரே ஒருமுறை நடந்த காட்சி அது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. பேனா எழுதாதபோது கையில் கிடைத்த பழைய நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போடுவோமே, அப்படித்தான்.

இப்போது நீங்கள் பார்க்கும் தெளிவான பதிப்பு, சி.பி.எஸ். காப்பகம், சிட்னி என்று பல இடங்களில் எஞ்சிய ஒளிபரப்புப் பதிவுகளைத் திரட்டி, லோரி டிஜிட்டல் என்ற கலிஃபோர்னிய நிறுவனம் கணினியில் துலக்கியது. 2019இல் மூன்று நாடாக்கள் 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனதாகப் படித்திருப்பீர்கள். அவை ஹூஸ்டனில் பதிவான ஒளிபரப்புப் பிரதிகள், தொலைந்த மூலம் இல்லை. 1976இல் அரசு ஏலத்தில் பழைய நாடாக் குவியலோடு குவியலாக 218 டாலருக்கும் குறைவாக வாங்கியவரிடம் இருந்தவை.

அந்தக் கேமரா இப்போது எங்கே?

ஈகிள் இறங்கிய அமைதிக் கடல் என்ற நிலவுச் சமவெளியிலேயே, முக்காலியோடு. திரும்பும்போது எடை குறைய வேண்டும் என்பதால் விட்டுவிட்டு வந்தார்கள். ஈகிள் மேலெழும்பியதை அது படம் பிடித்து அனுப்பவில்லை. ஆனால் முந்தைய இரவு, இருவரும் ஏணியில் ஏறி உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கலத்தின் கால்கள், கம்பி வைத்து விரித்த கொடி, மிதிபட்ட தரை. அமெரிக்காவில் மணி ஒன்றைத் தாண்டியிருந்தது, குழந்தைகள் பெட்டிக்கு முன்னாலேயே தூங்கிப் போயிருந்தார்கள்.